கேஸ் ஷீட் இல்லாத புதுமைகள்

1

தமிழ்க் கத்தோலிக்கர் பேச்சில் 'புதுமை' என்றால் நவீனம் இல்லை. தெய்வத்தின் தலையீடு என்று அர்த்தம். 'மாதா ஒரு புதுமை செஞ்சா', 'அந்தோணியார் புதுமை' என்றுதான் எங்கள் வீடுகளில் பேச்சு. 'கோடி அற்புதர்' என்று அந்தோணியாருக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தாலும், 'அற்புதம்' என்பதைப் பெரும்பாலும் சி.எஸ்.ஐ.காரர்கள் சொல்லாகத்தான் நாங்கள் கேட்டிருக்கிறோம். 1995இல் வந்த விவிலியப் பொது மொழிபெயர்ப்பு 'வல்ல செயல்' என்றும் 'அரும் அடையாளம்' என்றும் எழுதியது. 'அர்ச்சியசிஷ்டர்' புனிதர் ஆனதைப் போல இதுவும் ஒரு மொழித் திருத்தம். ஆனால் நீலகிரியின் லயன் வீடுகளில் புதுமை இன்னும் புதுமையாகவே இருக்கிறது. தமிழ் எம்.ஏ. படிக்கப் போய்ப் புதுமைப்பித்தன், புதுக்கவிதை என்று பாடம் கேட்டபோது, ஒரே சொல்லின் இரண்டு அர்த்தங்களும் ஒன்றையொன்று அறியாமல் இருப்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது. பிறகு அது வேடிக்கை இல்லை என்று பட்டது.

ஏனென்றால், புனிதர் பட்டம் கொடுக்கும் காரியத்தில் இந்த இரண்டு அர்த்தங்களும் ஒன்றாகிவிடுகின்றன. இன்று ரோமாபுரி ஒரு புதுமையை ஏற்றுக்கொள்ள வேண்டுமானால் அதற்கு ஆஸ்பத்திரி வேண்டும், ஸ்கேன் வேண்டும், டாக்டர் கையெழுத்து வேண்டும். நவீனம் இல்லாமல் புதுமை இல்லை. அப்படியானால் ஆஸ்பத்திரி எட்டாத இடத்தில், எழுத்து எட்டாத மக்களுக்கு நடந்ததாகச் சொல்லப்படும் புதுமைகள் என்ன ஆகின்றன? ஒரு நிகழ்ச்சியைப் 'புதுமை' என்று பெயரிடும் அதிகாரம் யாருக்கு? இந்தக் கேள்வியைப் பொதுவில் வைத்துப் பேசாமல், நான் பிறந்த மலையை வைத்துப் பேசப் பார்க்கிறேன்.

2

முதலில் ரோமாபுரியின் முறை. பதுவைப் பதியர் என்று நாம் அழைக்கும் அந்தோணியார் இறந்தது 1231 ஜூன் 13. அவரைப் புனிதர் என்று போப் அறிவித்தது 1232 மே 30. ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஜனங்கள் கல்லறையில் கூடினார்கள், குணமானோம் என்றார்கள், விசாரணையும் சுருக்கமாக முடிந்தது. அந்தக் காலத்தில் புனிதரை முதலில் உண்டாக்கியது கூட்டம். சபை பின்னால் வந்து முத்திரை குத்தியது.

17ஆம் நூற்றாண்டில் இது தலைகீழானது. எட்டாம் உர்பான் 1625இலும் 1634இலும் போட்ட ஆணைகள், சபை அனுமதிக்காத எவருக்கும் பொதுவணக்கம் கூடாது என்று தடுத்தன. இதற்குப் பிறகு, ஒருவருக்கு முன்கூட்டியே ஜனங்கள் வணக்கம் செலுத்தினால் அதுவே அவருடைய வழக்குக்குத் தடையாகும். அடுத்த நூற்றாண்டில் லம்பெர்த்தினி (பின்னாளில் போப் பதினான்காம் பெனடிக்ட்) குணமளிக்கும் புதுமைக்கு அளவுகோல் எழுதினார். நோய் கடுமையானதாக இருக்க வேண்டும். தானாகத் தீரக்கூடியதாக இருக்கக் கூடாது. மருந்தால் தீர்ந்திருக்கக் கூடாது. குணம் சட்டென்று, முழுசாக, திரும்பி வராதபடி நடந்திருக்க வேண்டும். இந்த அளவுகோல்தான் சாராம்சத்தில் இன்றும் இருக்கிறது.

1983இல் இரண்டாம் ஜான் பால் முறையைச் சுருக்கினார். 'பிசாசின் வக்கீல்' என்று கேலியாக அழைக்கப்பட்ட எதிர்வாதியின் பழைய பாத்திரம் போய்விட்டது. அருளாளர் பட்டத்துக்கு ஒரு புதுமை, புனிதர் பட்டத்துக்கு இன்னொன்று என்று எண்ணிக்கையும் குறைந்தது. மறைசாட்சியாகக் கொல்லப்பட்டவருக்கு முதல் பட்டத்துக்குப் புதுமை தேவையில்லை. தன் காலத்தில் அவர் 482 பேரைப் புனிதர் ஆக்கினார். புனிதர்கள் பெருகினார்கள், மருத்துவ நிரூபணம் மட்டும் இளகவில்லை. 2016இல் வந்த விதிப்படி, ஏழு பேர் கொண்ட மருத்துவக் குழுவில் குறைந்தது ஐந்து பேராவது 'அறிவியலால் விளக்க இயலாது' என்று சொல்ல வேண்டும். 2025 செப்டம்பர் 7இல் புனிதரான கார்லோ அக்குத்திஸ், கணினியில் நற்கருணைப் புதுமைகளைப் பட்டியலிட்டு 2006இல் 15 வயதில் இறந்த பையன். அவருடைய இரண்டாவது புதுமையாக ஏற்கப்பட்டது, 2022இல் இத்தாலியில் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்ட ஒரு மாணவி குணமானது. ஐ.சி.யூ. இல்லையென்றால் அந்தப் புதுமையும் இல்லை.

இதைப் பழமைவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது என்பதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன். இது முழுக்க நவீனமான ஒரு நிறுவனம். மருத்துவம் எங்கே கையை விரிக்கிறதோ அந்தக் கோட்டிலிருந்துதான் இதன் புதுமை தொடங்குகிறது. கோட்டைப் போட வேண்டியவர் டாக்டர். கடவுளுக்கு எல்லை வகுக்கும் வேலை கேஸ் ஷீட்டுக்கு வந்துவிட்டது.

3

நீலகிரிக்கும் ரோமாபுரிக்கும் உள்ள உறவே ஒரு கதையைச் சரிபார்க்கும் உறவாகத்தான் ஆரம்பித்தது. தோமையார் வழிவந்த கிறிஸ்தவர்கள் தொலைந்துபோய் இந்த மலையில் வாழ்கிறார்கள் என்று மலையாளக் கரையில் ஒரு பேச்சு இருந்தது. 1603இல் இயேசு சபையைச் சேர்ந்த ஃபெனிசியோ என்ற இத்தாலியச் சாமியார் கள்ளிக்கோட்டையிலிருந்து மலை ஏறினார். தோடர்களைப் பார்த்தார். அவர்கள் கிறிஸ்தவர்கள் இல்லை என்று எழுதிவிட்டு இறங்கினார். தோடர்களைப் பற்றி ஐரோப்பியர் எழுதிய முதல் பதிவுகளில் அது ஒன்று. தேடி வந்த கதை பொய்யானது. எழுதிய கடிதம் வரலாறானது.

இந்த மலைக்கு ஒரு அருளாளரும் உண்டு என்பது எங்கள் ஊர்க்காரர்கள் பலருக்கே தெரியாது. ஹெலன் த ஷப்போத்தேன், 1839இல் பிரான்சில் நாந்த் நகரத்தில் பிறந்தவர். திருப்பாடுகளின் மரியாள் என்பது அவருடைய துறவறப் பெயர். 1865இல் மதுரை மிஷனுக்கு வந்தார். 1874இல் ஊட்டியில் ஒரு மடம் திறக்கப்பட்டது. மதுரைப் பக்கத்து மடங்களில் பிளவு முற்றி, 1876இல் இவரோடு சேர்த்து இருபது கன்னியர் தங்கள் சபையை விட்டுப் பிரிந்து ஊட்டி மடத்தில் ஒன்றுசேர்ந்தார்கள். 1877 ஜனவரி 6இல் ஒன்பதாம் பத்திநாதர் புதுச் சபைக்கு அனுமதி கொடுத்தார். இன்று எஃப்.எம்.எம். என்று உலகம் முழுக்க அறியப்படும் பிரான்சிஸ்கன் கன்னியர் சபை பிறந்தது இப்படித்தான், ஊட்டியில். சபையை நிறுவியவரையே 1883இல் தலைமைப் பொறுப்பிலிருந்து நீக்கினார்கள். விசாரணைக்குப் பிறகு அடுத்த வருஷம் திரும்ப வந்தார். 1904இல் இறந்தார். சீனத்தில் 1900இல் கொல்லப்பட்ட இந்தச் சபையின் ஏழு கன்னியர் 2000த்தில் புனிதர் ஆனார்கள். 2002 அக்டோபர் 20இல் நிறுவனருக்கு அருளாளர் பட்டம் கிடைத்தது. அதற்காக ஏற்கப்பட்ட புதுமை, நுரையீரலிலும் முதுகெலும்பிலும் காசநோய் கண்டிருந்த ஒரு கன்னியாஸ்திரி குணமானது.

அந்த அம்மாளின் துணிவைக் குறைத்துச் சொல்ல எனக்கு எண்ணம் இல்லை. ஆண்களால் நடத்தப்பட்ட ஒரு சபையில் இருபது பெண்கள் எழுந்து வெளியேறியது சாதாரணமில்லை. நான் கவனிக்கச் சொல்வது வருஷத்தை. 1876, 77, 78. தமிழில் இதற்குத் தாது வருஷப் பஞ்சம் என்று பெயர். அந்தக் கன்னியர் மலையில் மடம் கட்டிக்கொண்டிருந்தபோது, கீழே சேலத்திலும் கோயமுத்தூரிலும் மைசூரிலும் ஜனங்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். காப்பி, சின்கோனா, தேயிலைத் தோட்டங்களுக்கு மேஸ்திரிகள் ஆள் பிடித்தது இதே சமவெளிகளிலிருந்துதான். ஒரே மலைப்பாதையில் இரண்டு வகை மனிதர்கள் ஏறியிருக்கிறார்கள். ஒரு வகையாருக்குக் கடிதங்கள் இருந்தன. கடிதங்களைப் பத்திரப்படுத்த மடம் இருந்தது. மடத்துக்கு நோயாளியும், நோயாளிக்கு மருத்துவச் சான்றும் இருந்தன. இன்னொரு வகையாருக்கு மேஸ்திரியின் முன்பணக் கணக்கில் ஒரு வரி இருந்திருக்கும். புனிதர்கள் எழுத்திலிருந்து பிறக்கிறார்கள். எழுதப்படாதவர்களிலிருந்து புனிதர் பிறப்பதில்லை.

4

எழுதப்படாதவர்கள் வேறொன்றை உண்டாக்கினார்கள். நீலகிரித் தோட்டங்களில் நடந்து பாருங்கள், லயன் முனையில், தேயிலைச் சரிவின் மூலையில், ஒரு அந்தோணியார் கெபியோ சின்ன குருசடியோ கண்ணில் படும். செவ்வாய்க்கிழமை மெழுகுவர்த்தி எரியும். உப்பும் மிளகும் கிடக்கும். கிறிஸ்தவர் அல்லாதவர்களும் வந்து நிற்பார்கள். 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவின் கணக்கில் எழுதப்பட்ட 5,25,000 பேரில் ஒரு பகுதியினர், 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்களுக்கு (பின்னாளில் டேன்டீ) வந்தார்கள். அவர்களில் கத்தோலிக்கர்கள் கொச்சிக்கடை அந்தோணியாரையும் மடு மாதாவையும் கூடவே கொண்டு வந்தார்கள். ஊட்டி காந்தலில் திருச்சிலுவையின் துண்டு என்று வணங்கப்படும் பண்டத்துக்குக் குருசடி இருக்கிறது. அதன் திருவிழா மே 3. ரோமாபுரி அந்தத் திருநாளைப் பொது நாட்காட்டியிலிருந்து 1960இல் எடுத்துவிட்டது. காந்தலில் யாரும் அதற்காகத் தேதியை மாற்றவில்லை.

இந்த இடங்களில் சொல்லப்படும் புதுமைகள் எப்படிப்பட்டவை? எங்கள் குடும்பத்தில் சொல்லும் ஒன்றைத் தருகிறேன். 1978 நவம்பர் மழை. மலை பல இடங்களில் சரிந்த வருஷம் அது. என் பாட்டிக்குக் கடைசிப் பிரசவம், நடுராத்திரியில் சிக்கலானது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் மட்டும் இருந்தார். 'என்னால ஆகாது, குன்னூர் கொண்டு போங்க' என்றார். தோட்டத்து வண்டி துரை பங்களாவில் நின்றது. கேட்கப் போன தாத்தாவை கேட்டிலேயே வாட்ச்மேன் நிறுத்திவிட்டான். 'துரை தூங்குறாரு, காலையில வா.' கம்பளியில் தொட்டில் கட்டி நாலு பேர் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்தார்கள். பாட்டி அந்தோணியாருக்குப் பொருத்தனை வைத்தாள். மண் சரிந்து மேட்டுப்பாளையம் போக முடியாமல் திரும்பிய ஒரு காய்கறி லாரி வந்தது. டிரைவர் ஒரு பாய். ஏற்றிக்கொண்டார். சித்தி பிறந்தாள். 'அந்தோணியார் லாரி அனுப்புனாரு' என்று சாகும்வரை பாட்டி சொன்னாள். பாயை ஏன் அனுப்பினார் என்று ஒருவரும் கேட்டதில்லை.

லம்பெர்த்தினியின் அளவுகோலில் இது ஒரு மார்க்கும் வாங்காது. லாரி வந்ததற்குக் காரணம் இருக்கிறது, ரோடு அடைபட்டது. பிள்ளை பிறந்ததற்குக் காரணம் இருக்கிறது, டாக்டர் இருந்தார். விளக்க முடியாதது எதுவும் இல்லை. அப்படியானால் இது எதைப் பற்றிய கதை? என் பாட்டி இதைச் சொன்ன ஒவ்வொரு தடவையும் ஒரு விஷயத்தை விடாமல் சொன்னாள்: கேட். பூட்டிய கேட், உள்ளே நின்ற வண்டி, தூங்கிய துரை. தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951லேயே வந்துவிட்டது. தொழிலாளருக்கு மருத்துவ வசதி தர வேண்டியது முதலாளியின் கடமை என்று அது சொன்னது. 27 வருஷம் கழித்து அந்தச் சட்டம் ஒரு தோட்டத்தில் எந்த நிலையில் இருந்தது என்பதற்கு என் பாட்டியின் புதுமைதான் சாட்சி. வேறு ஆவணம் என் கைக்குக் கிடைக்கவில்லை.

இதே கதையைப் பின்னாளில் பங்கில் நவநாள் பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். பெயர் இல்லாமல், 'ஒரு ஏழைத் தாய்' என்று. மழை இருந்தது, லாரி இருந்தது, பொருத்தனை இருந்தது. கேட் மட்டும் இல்லை. ஒரு பகுத்தறிவுத் தோழரிடம் சொன்னேன். 'தற்செயல், அவ்வளவுதான்' என்றார். அவர் சொன்னதிலும் கேட் இல்லை. ஒருவர் லாரியைக் கடவுளிடம் கொடுத்தார், மற்றவர் தற்செயலிடம் கொடுத்தார். துரையை இருவருமே எழுப்பவில்லை.

5

ரோமாபுரி வரைக்கும் போன வழக்குகளிலும் இதுதான் நடக்கிறது. அன்னை தெரசாவின் முதல் புதுமையாக ஏற்கப்பட்டது, மேற்கு வங்கத்தின் சந்தால் பெண் மோனிகா பெஸ்ராவின் வயிற்றுக்கட்டி 1998இல் மறைந்தது. சிகிச்சை கொடுத்த டாக்டர்கள் மறுத்தார்கள்: அது காசநோயால் வந்த கட்டி, மருந்தில் கரைந்தது என்றார்கள். 2003இல் அருளாளர் பட்டம், 2016இல் புனிதர் பட்டம். இத்தனை வருஷமும் அந்தக் கட்டி கட்டியா, நீர்க்கட்டியா என்று சபையும் பகுத்தறிவாளரும் மல்லுக்கு நின்றார்கள். காசநோய் ஏன் ஒரு பழங்குடிப் பெண்ணின் வயிற்றில் அந்த அளவுக்கு வளர விடப்பட்டது என்பது இந்தச் சண்டையின் விஷயமாகவே ஆகவில்லை.

நம் ஊர் தேவசகாயம் வழக்கு இன்னும் சிக்கலானது. நீலகண்ட பிள்ளை, 1712இல் நட்டாலத்தில் பிறந்தவர். டச்சுக் கேப்டன் டிலனாய் மூலம் கிறிஸ்தவம் அறிந்து, 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். 1752 ஜனவரி 14இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். சாதி வேறுபாடு பாராமல் எல்லாரும் சமம் என்று போதித்தார் என்பதை வத்திக்கானே தன் குறிப்பில் சொல்கிறது. மறைசாட்சி என்பதால் 2012இல் புதுமை இல்லாமலே அருளாளர் ஆனார். 2022 மே 15இல் புனிதர் ஆக ஒரு புதுமை தேவைப்பட்டது: 2013இல், 24 வாரக் கரு துடிப்பு நின்றுவிட்டது என்று மருத்துவம் சொன்ன பிறகு உயிரோடு இருந்தது. இந்தியாவின் முதல் பொதுநிலைப் புனிதருக்கும் ஸ்கேன்தான் சாட்சி.

ஆனால் இந்த வழக்கில் வேறு ஒன்றும் நடந்தது. சாதியை மறுத்தவருக்குச் சாதிப் பெயரிலேயே பட்டமா என்று கேள்வி எழுந்தது, மனுக்கள் போயின, 'பிள்ளை' நீக்கப்பட்டது. அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில்தான், 1870களில், இரண்டு சாதிப் பிரிவுகள் ஒருவரையொருவர் பாராமல் ஒரே பீடத்தைப் பார்க்கும்படி இரண்டு கால்களாகப் பிரித்துக் கோவில் கட்டினார்கள். உள்ளிருந்த தடுப்பு 1910இல் இடிக்கப்பட்டது. அதற்கும் கோர்ட்டில் வழக்கு நடந்தது. ஸ்கேனால் ஒரு புனிதரை உறுதிசெய்ய முடிந்தது. அவர் எதற்காகப் புனிதர் என்பதைச் சண்டை போட்டுத்தான் எழுத வைக்க வேண்டியிருந்தது.

6

தோழர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள், கேட்க வேண்டிய கேள்வி: 'அந்தோணியார் லாரி அனுப்புவாருன்னா அப்புறம் சங்கம் எதுக்கு?' என் பாட்டி சங்கத்துக்குச் சந்தா கட்டியவள், வேலைநிறுத்தத்தில் உட்கார்ந்தவள். மெழுகுவர்த்தியும் சந்தா ரசீதும் அவளுக்கு ஒரே டிரங்குப் பெட்டியில்தான் இருந்தன. இரண்டும் ஒன்றையொன்று தடுத்ததாகத் தெரியவில்லை. எல்லாருக்கும் அப்படித்தான் என்று நான் சொல்லமாட்டேன். நேர்ச்சைக் காசில் கோபுரம் உயர்வதையும், குணமளிக்கும் கூட்டம் என்ற பெயரில் மாத்திரையை நிறுத்தச் சொல்லும் கொடுமையையும் நாம் அறிவோம். அதை எதிர்க்கத்தான் வேண்டும்.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. லாரி வந்த வீட்டில்தான் புதுமைக் கதை இருக்கிறது. லாரி வராத வீட்டில் ஒரு குழி இருக்கிறது. அந்தப் பெண்களுக்குக் கேஸ் ஷீட்டும் இல்லை, கதையும் இல்லை. புதுமைகளை மட்டும் சேகரித்தால் பிழைத்தவர்களின் வரலாறுதான் கிடைக்கும். ஆகவே ஒரு புதுமையைக் கேட்கும்போதே, அதே லயனில் யாருக்கு அது நடக்கவில்லை என்றும் கேட்டாக வேண்டும். தாயும் பிள்ளையுமாகப் போனவர்களை அடுத்த வீட்டுக் கிழவிதான் நினைவு வைத்திருப்பாள்.

2024 மே மாதம் வத்திக்கான் புதிய விதிகள் போட்டது. காட்சி, கண்ணீர் விடும் சுரூபம் போன்றவற்றைப் பொதுவாக 'தெய்வீகமானது' என்று இனி ஆயர்கள் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள். 'தடையில்லை' என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். 2019 ஈஸ்டர் அன்று கொழும்புக் கொச்சிக்கடையிலும் நீர்கொழும்பிலும் குண்டுவெடிப்பில் இறந்த கத்தோலிக்கர் 167 பேரின் பெயர்கள், 2025இல் விசுவாசத்தின் சாட்சிகள் பட்டியலில் சேர்க்கப்பட்டதாக அறிவித்தார்கள். மெழுகுவர்த்தி ஏற்றப் போன சாதாரண ஜனங்களின் பெயரும் ரோமாபுரியில் எழுதப்படுகிறது, நல்லதுதான். ஆனால் எழுதப்படுவதற்கு அவர்கள் சாக வேண்டியிருந்தது.

உயிரோடு இருப்பவர்களின் சாட்சியத்தை யார் எழுதுவது? சபை எழுதாது, அதற்கு வேண்டியது விளக்க முடியாதது. இந்தக் கதைகளில் இருப்பவை எல்லாம் விளக்கக்கூடியவை, விளக்கினால் சிலருக்குச் சங்கடம் தருபவை. ஆகவே அந்த வேலை நமக்கு வருகிறது. காலமும் அதிகம் இல்லை. டேன்டீ நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க 2022இல் அரசு முடிவு செய்தது. லயன்கள் காலியாகின்றன, பிள்ளைகள் திருப்பூருக்கும் கோயமுத்தூருக்கும் இறங்கிவிட்டார்கள். 1978ஐ நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. சங்கத்து வேலையாகவோ கூலிக் கணக்கு எடுக்கவோ லயன்களுக்குப் போகிறவர்கள், அந்தோணியார் என்ன செய்தார் என்றும் ஒரு வார்த்தை கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நம்ப வேண்டியதில்லை. அன்றைக்கு வண்டி எங்கே நின்றது, டாக்டர் எங்கே போயிருந்தார், லீவு கொடுத்தது யார், மறுத்தது யார் என்று தொடர்ந்து கேளுங்கள். அவர்கள் சொல்வார்கள். இவ்வளவு நாளும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.